மடக்கும் மின் சைக்கிள்: வாங்கலாமா?

ஒரு பொருளைச் சிறியதாக்கிவிட்டால் அதைக் கையாள்வதும் எளிதாகிவிடும் என்று நாம் பொதுவாக நினைக்கிறோம். கைக்குள் அடங்கும் தொலைபேசியையும் சட்டைப் பைக்குள் அடங்கும் கணிப்பானையும் பார்த்துப் பழகிய கண்களுக்கு, இரண்டாக மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடக்கூடிய மின் சைக்கிள் அதே வரிசையில் வந்த இன்னொரு முன்னேற்றமாகவே தோன்றும். ஆனால் இரண்டுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. கணிப்பான் சிறிதானால் அதன் வேலைக்குத் தேவையான ஆற்றலும் சிறிதாகிறது. சைக்கிள் சிறிதானாலும் அதன்மேல் உட்காருபவர் சிறிதாவதில்லை. சாலையின் பள்ளங்களும், எதிர்க்காற்றும், ஏற்றமும் அப்படியேதான் இருக்கின்றன.

உத்தமபாளையம், சின்னமனூர், கம்பம் பகுதிகளில் இத்தகைய வண்டிகள் இப்போது ஆங்காங்கே கண்ணில் படுகின்றன. "சார், இதை வாங்கலாமா?" என்று மாணவர்களும், சில வேளைகளில் அவர்களுடைய பெற்றோர்களும் கேட்கிறார்கள். ஏறத்தாழ 30,000 ரூபாயில் விலை தொடங்குகிறது. திராட்சைத் தோட்டத்திலோ நெல் வயலிலோ பாடுபட்டுச் சேர்த்த பணம் அது. விளம்பரத்தை மட்டும் நம்பி அதைச் செலவிட்டுவிட்டுப் பின்னர் வருந்துவதைவிட, பள்ளியில் நாம் படித்த இயற்பியலைக் கொண்டு ஒரு முறை கணக்குப் பார்த்துவிடுவது நல்லதல்லவா? அதைத்தான் இக்கட்டுரையில் செய்யப் போகிறோம்.

மடக்கு சைக்கிளின் வரலாறு

சைக்கிளை மடக்கவேண்டும் என்ற ஆசை புதியதன்று. இரண்டாம் உலகப் போரின்போது, பாராசூட் வீரர்கள் விமானத்திலிருந்து குதிக்கும்போதே உடன் எடுத்துச் செல்லத்தக்க மடக்கு சைக்கிள்களை இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. நிறுவனம் தயாரித்தது. 1949-இல் தொடங்கப்பட்டு அம்பத்தூரில் சைக்கிள் செய்துவரும் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் வழியாக நம் ஊர்ச் சிறுவர்களுக்கெல்லாம் பழக்கமான அதே பி.எஸ்.ஏ. என்ற பெயர்தான்! ஆனால் அந்தப் போர்க்கால வண்டியின் சக்கரங்கள் வழக்கமான அளவிலேயே இருந்தன. சட்டம் மட்டுமே நடுவில் மடங்கியது.

சக்கரத்தைச் சிறிதாக்கும் துணிச்சல் பின்னரே வந்தது. மினி காருக்கு ரப்பர் சஸ்பென்ஷனை வடிவமைத்த அலெக்ஸ் மோல்ட்டன் என்ற ஆங்கிலப் பொறியாளர், 1962-இல் சிறிய சக்கரங்கள் கொண்ட சைக்கிளை வெளியிட்டார். சிறிய சக்கரம் அதிகமாகக் குலுக்கும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். ஆகவே சக்கரத்தைச் சிறிதாக்கியதோடு நிற்காமல், முன்னும் பின்னும் சஸ்பென்ஷனைச் சேர்த்தார். அதிகக் காற்றழுத்தம் தாங்கும் டயர்களையும் பொருத்தினார். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்று விலை குறைந்த பல வண்டிகள் மோல்ட்டனின் சிறிய சக்கரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு அவர் செய்த பரிகாரத்தை விட்டுவிடுகின்றன.

1975-இல் ஆண்ட்ரூ ரிட்சி என்பவர் இலண்டனில் உருவாக்கத் தொடங்கிய பிராம்ப்டன் சைக்கிள் 16 அங்குலச் சக்கரம் கொண்டது. மடித்தால் ஒரு பெட்டியின் அளவுக்கு அடங்கிவிடும். 1982-இல் தாஹோன் நிறுவனத்தைத் தொடங்கிய டேவிட் ஹோன், லேசர் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த ஓர் இயற்பியலாளர். 1970-களின் எண்ணெய் நெருக்கடிதான் அவரை மடக்கு சைக்கிளின் பக்கம் திருப்பியது. இவர்கள் இருவருக்கும் குறிக்கோள் ஒன்றே: ரயிலோடும் பேருந்தோடும் கைகோத்துச் செல்லும் வண்டி. ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டுவதற்கான வண்டியாக அவர்கள் அதைக் கருதவில்லை. வீட்டிலிருந்து நிலையம் வரை, நிலையத்திலிருந்து அலுவலகம் வரை என்ற அந்த இரு சிறு துண்டுகளுக்கானது அது.

மின்சாரம் சேர்ந்த கதை

பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்ட 1895-ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவில் ஆக்டன் போல்ட்டன் என்பவர் பின்சக்கர மையத்தில் மோட்டார் பொருத்திய சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அன்று கிடைத்த மின்கலங்கள் மிகவும் கனமானவை. ஒரு கிலோ எடையுள்ள ஈய-அமில மின்கலத்தில் ஏறத்தாழ 30 வாட்-மணி ஆற்றல்தான் அடங்கும். 1991-இல் விற்பனைக்கு வந்த லித்தியம்-அயனி மின்கலமோ இன்று, உறை முதலியவற்றோடு சேர்த்து, கிலோவுக்கு 150 வாட்-மணி அளவுக்குத் தருகிறது. 250 வாட்-மணி ஆற்றலுக்கு முன்பு 8 கிலோ தூக்கவேண்டியிருந்தது. இப்போது 2 கிலோ போதும். மடக்கு சைக்கிளில் மின்சாரம் புகுந்தது இந்த வேறுபாட்டினால்தான்.

நம் நாட்டுச் சட்டமும் இதற்கு வழிவிட்டிருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட இத்தகைய வண்டிகள் மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. பதிவெண்ணும் வேண்டாம், ஓட்டுநர் உரிமமும் வேண்டாம். 'ஒரு சிறு மாற்றம் செய்தால் 35 கிலோமீட்டர் வேகம் போகும்' என்று விற்பவர் ஆசைகாட்டினால், அந்த மாற்றத்தோடு இந்தச் சலுகையும் போய்விடும் என்பதை மறவாதீர்கள்.

250 வாட் என்பது எவ்வளவு? மூன்றில் ஒரு பங்கு குதிரைத் திறன். பழக்கமுள்ள சாதாரண மனிதர் ஒருவர் தொடர்ந்து சைக்கிள் மிதிக்கும்போது தரக்கூடியது 75 முதல் 100 வாட். ஆகவே, இம்மோட்டார் நமக்கு இரண்டு அல்லது மூன்று துணையாட்களைத் தருகிறது எனலாம். பயனுள்ள துணைதான். ஆனால் நாம் கொடுக்கும் விலை என்ன? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் சமரசம்: எடை

மடக்குவது தூக்குவதற்காக. தூக்குவதற்கு எடை குறைவாக இருக்கவேண்டும். ஆனால் மோட்டார், மின்கல அடுக்கு, மடக்கும் மூட்டுகள் ஆகிய மூன்றுமே எடையைக் கூட்டுகின்றன. மின்சாரம் பொருத்திய பிராம்ப்டன், 300 வாட்-மணி மின்கல அடுக்கோடு சேர்ந்து, ஏறத்தாழ 17 கிலோ எடை கொண்டது. உலகில் மிகவும் கவனமாகச் செய்யப்படும் வண்டிகளுள் ஒன்று அது, விலையோ இலட்சங்களில்! விலை குறைந்த வண்டிகள் எளிதில் 20 கிலோவைத் தாண்டிவிடும். பூனாவின் இமோடராட் நிறுவனத்தின் டூடுல் போன்றவை 20 அங்குலச் சக்கரத்தில் 4 அங்குலத் தடிமனான டயரைக் கொண்டவை. அந்தத் தடித்த டயர் குலுக்கலைக் குறைக்கிறது, எடையையும் கூட்டுகிறது. மடிப்பது காரில் ஏற்றுவதற்கு மட்டும்தான் என்றால் அது சரி. தோளில் தூக்குவதற்கு என்றால் சரியன்று.

கடைக்குப் போய் 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றைத் தூக்கிப் பாருங்கள். சிப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொள்ளலாம். சைக்கிளுக்கு அந்த வசதியும் இல்லை. பெடல் முழங்காலில் இடிக்கும். செயின் எண்ணெய் வேட்டியிலோ பாவாடையிலோ ஒட்டும். கூட்டம் நிறைந்த பேருந்தின் படியில் காலை வேளையில் இதனைத் தூக்கி ஏறுவதைக் கற்பனை செய்து பாருங்கள். நடத்துநர் அனுமதித்தாலும் நம் கை அனுமதிக்குமா?

விமானத்தில் கொண்டு செல்லலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு செய்தி. பயணி ஒருவர் கொண்டுசெல்லும் லித்தியம் மின்கலம் 160 வாட்-மணிக்கு மேற்பட்டிருந்தால் விமானத்தில் ஏற்ற அனுமதியில்லை. எந்த மின் சைக்கிளின் மின்கலமும் பெரும்பாலும் இந்த வரம்பைக் கடந்ததாகவே இருக்கும்.

இரண்டாவது சமரசம்: சக்கரம்

நம் நாட்டுப் பழைய சைக்கிளின் சக்கரம் 28 அங்குலம். அதாவது ஆரம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். 16 அங்குலச் சக்கரத்தின் ஆரம் 20 சென்டிமீட்டர். சாலையில் 15 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு குழி இருப்பதாகக் கொள்வோம். வட்டத்தின் வடிவியலிலிருந்து, சக்கரம் அக்குழிக்குள் எவ்வளவு இறங்கும் என்று எளிதில் கணக்கிடலாம்: குழியின் அகலத்தின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்கவேண்டும். பெரிய சக்கரம் 0.8 சென்டிமீட்டர் இறங்குகிறது. சிறிய சக்கரம் 1.4 சென்டிமீட்டர் இறங்குகிறது. அதே குழிதான், அதிர்ச்சி மட்டும் கூடுகிறது.

இனி, 5 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு கல்லின்மேல் ஏறவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நின்ற நிலையிலிருந்து பெரிய சக்கரத்தை அதன்மேல் ஏற்ற, அச்சக்கரத்தின்மேல் உள்ள சுமையில் 60 விழுக்காட்டுக்குச் சமமான கிடைவிசை வேண்டும். சிறிய சக்கரத்துக்கோ 88 விழுக்காடு வேண்டும். வேகமாக வரும்போது இந்தக் கூடுதல் விசை வண்டியைப் பின்னோக்கித் தள்ளுகிறது. ஓட்டுபவர் முன்னோக்கிச் சாய்கிறார். இரவு நேரத்தில், விளக்கில்லாத கிராமச் சாலையில், இந்த வேறுபாடு கை கால் முறிவதற்கும் முறியாமல் தப்புவதற்கும் உள்ள வேறுபாடாகிவிடக்கூடும். வேகத்தடைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும், சிறிய சக்கரத்துக்கு ஒரு நன்மை உண்டு என்பதையும் சொல்லிவிடவேண்டும். சக்கர மையத்தில் உள்ள மோட்டார் 30 நியூட்டன்-மீட்டர் திருப்புத்திறன் தருவதாகக் கொள்வோம். இதை ஆரத்தால் வகுத்தால் தரையில் கிடைக்கும் தள்ளுவிசை வரும். 35 சென்டிமீட்டர் ஆரத்தில் 86 நியூட்டன். 20 சென்டிமீட்டர் ஆரத்தில் 150 நியூட்டன்! மேலும், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் பெரிய சக்கரம் நிமிடத்துக்கு 150 சுற்றுகள்தான் சுற்றும். சிறிய சக்கரம் 260 சுற்றுகளுக்கு மேல் சுற்றும். மின்மோட்டார்களுக்கு விரைந்து சுற்றுவதே பிடிக்கும். அப்போதுதான் அவற்றின் பயனுறுதிறன் நன்றாயிருக்கும். ஆகவே மடக்கு சைக்கிளும் மோட்டாரும் பொருந்தாத இணை என்று சொல்லிவிட முடியாது. மோட்டாருக்குச் சிறிய சக்கரம் நல்லது. முதுகெலும்புக்குப் பெரிய சக்கரம் நல்லது. எதற்கு முதலிடம் என்பதை உங்கள் ஊர்ச் சாலைதான் முடிவு செய்யவேண்டும்.

மூன்றாவது சமரசம்: தூரம்

விளம்பரங்களில் மிகப் பெரிய எழுத்தில் இருப்பது தூரம். 'ஒரு முறை சார்ஜ் செய்தால் 50 கிலோமீட்டர்!' இது பொய்யா? கணக்கிட்டுப் பார்ப்போம்.

மின்கல அடுக்கு 36 வோல்ட், 7 ஆம்பியர்-மணி என்க. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 250 வாட்-மணி. முழுவதையும் உறிஞ்ச முடியாது. பத்தில் ஒன்பது பங்கு, அதாவது 225 வாட்-மணி கிடைக்கும். ஓட்டுபவர், வண்டி, பை எல்லாம் சேர்ந்து 90 கிலோ. டயர் உருளும்போது ஏற்படும் தடை ஏறத்தாழ 7 நியூட்டன். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: மணிக்கு 15 கிலோமீட்டரில் 6 நியூட்டன், 20 கிலோமீட்டரில் 10.7 நியூட்டன். மோட்டார் மின்னாற்றலில் முக்கால் பங்கை இயக்க ஆற்றலாக மாற்றுகிறது.

சமதரையில், காற்றில்லாத வேளையில், எங்கும் நிற்காமல், 15 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் கிலோமீட்டருக்கு 4.8 வாட்-மணி செலவாகும். 225-ஐ 4.8-ஆல் வகுத்தால் 47 கிலோமீட்டர். ஆகவே விளம்பரம் முழுப் பொய்யன்று. ஆனால் அது காற்றில்லாத, மேடில்லாத, போக்குவரத்து விளக்கும் மாட்டுவண்டியும் இல்லாத ஓர் ஊரைப் பற்றிய உண்மை!

வேகத்தை 20 கிலோமீட்டராக உயர்த்தினால் கிலோமீட்டருக்கு 6.5 வாட்-மணி. தூரம் 35 கிலோமீட்டராகக் குறைகிறது. இனி, கம்பம் பள்ளத்தாக்கின் காற்றைச் சேர்ப்போம். தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியாகப் புகுந்து வீசுவதால்தான் தேனி மாவட்டத்தில் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. காற்றாலைக்கு வரம், சைக்கிளுக்குச் சாபம். எதிரே மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி உணரும் காற்று 35 கிலோமீட்டர் வேகமுடையது. காற்றுத் தடை 10.7-லிருந்து 32 நியூட்டனுக்கு மேல் ஏறிவிடுகிறது. கிலோமீட்டருக்கு 14.7 வாட்-மணி வேண்டும். தூரம் வெறும் 15 கிலோமீட்டர்!

'போகும்போது எதிர்க்காற்று என்றால் வரும்போது பின்காற்றுதானே, இரண்டும் சரியாகிவிடாதா?' என்று ஒரு மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் சரியாகாது. காற்றில்லாதபோது தேவைப்படும் திறன் சக்கரத்தில் ஏறத்தாழ 100 வாட். எதிர்க்காற்றில் 220 வாட். பின்காற்றில் 43 வாட். இரண்டின் சராசரி 131 வாட். தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்திருப்பதால், காற்று நம்மிடமிருந்து பறிப்பது அதிகம். திருப்பித் தருவது குறைவு.

கல்லூரி நண்பர் ஒருவரின் 16 அங்குல மடக்கு வண்டியை ஆடிக்காற்று வீசும் நாட்களில் சின்னமனூர்ச் சாலையில் போயும் வந்தும் ஓட்டிப் பார்த்தேன். 50 கிலோமீட்டர் என்று அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். சிறிதும் மிதிக்காமல் ஓட்டியபோது 19 கிலோமீட்டரில் மின்கலம் ஓய்ந்தது. இடைவிடாமல் மிதித்துக்கொண்டே ஓட்டியபோது 31 கிலோமீட்டர் வந்தது. மேலே கண்ட கணக்கின்படி 26 கிலோமீட்டர் வந்திருக்கவேண்டும்; நின்று நின்று புறப்படுவதில் மீதி போய்விட்டது. மிதிப்பது வெறும் உடற்பயிற்சி அன்று. அதுவே இந்த வண்டியின் இரண்டாவது மின்கலம் என்பதை இச்சோதனை நன்கு காட்டிற்று.

மலையேற்றத்துக்கு வருவோம். கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரம். ஏறத்தாழ 500 மீட்டர் உயரம். 90 கிலோவை 500 மீட்டர் உயர்த்த 4,41,000 ஜூல், அதாவது 122 வாட்-மணி வேண்டும். ஏற்றத்தில் மோட்டாரின் பயனுறுதிறன் குறையும். 70 விழுக்காடு என்று தாராளமாகக் கொண்டாலும் 175 வாட்-மணி இதற்கே போய்விடும். தூரத்தைக் கடக்க இன்னும் 96 வாட்-மணி. மொத்தம் 271. நம்மிடம் இருப்பதோ 225. மிதிக்காமல் குமுளி போய்ச் சேர இயலாது. இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. செங்குத்தான ஏற்றத்தில் மோட்டார் மெதுவாகச் சுற்றும்; அப்போது அது இழுக்கும் மின்னோட்டம் அதிகமாகும். கம்பிச் சுருளில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. சின்னஞ்சிறு உறைக்குள் அடைபட்ட அந்த வெப்பம் வெளியேற வழியின்றி மோட்டாரையே கெடுத்துவிடலாம்.

இறங்கும்போது அதே 4,41,000 ஜூல் எங்கே போகும்? ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் பிரேக்கில் வெப்பமாகும். அந்த மொத்த ஆற்றல், ஒன்றரை லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிக்கவைக்கப் போதுமானது! 'இறக்கத்தில் மின்கலம் தானே சார்ஜ் ஆகிவிடும்' என்ற பேச்சையும் எளிதில் நம்பவேண்டாம். இவ்வகை வண்டிகளில் பெரும்பாலும் உள்ள பல்சக்கர மையமோட்டார்களில் ஃப்ரீவீல் அமைப்பு இருப்பதால், இறங்கும்போது சக்கரம் மோட்டாரைச் சுழற்றுவதில்லை. சுழலாத மோட்டார் மின்சாரம் தராது. அதே மலைச்சரிவில் இறங்கும் பெரியாற்று நீர் லோயர்கேம்ப்பில் மின்சாரமாகிறது. நம் சைக்கிளின் இறக்கமோ வெறும் சூடாகிப் போகிறது.

நான்காவது சமரசம்: மூட்டு

சாதாரண சைக்கிளின் சட்டம் முக்கோணங்களால் ஆனது. முக்கோணம் எளிதில் வடிவம் மாறாது. மடக்கு சைக்கிளில் பெரும்பாலும் ஒரே ஒரு தடித்த குழாய்தான். அதிலும் நடுவில் ஒரு கீல். வளைக்கும் விசை முழுவதும் அந்தக் கீலிலும் அதன் தாழ்ப்பாளிலும் வந்து குவிகிறது.

ஹாண்டில் பாரைத் தாங்கும் தண்டைக் கவனியுங்கள். சக்கரம் சிறிதானதால் தண்டு நீளமாகிறது. திடீரென்று பிரேக் பிடிக்கும்போது நாம் ஹாண்டில் பாரை 200 நியூட்டன் விசையுடன் தள்ளுகிறோம் என்க. சாதாரண சைக்கிளில் தண்டு சட்டத்துக்கு மேல் 15 சென்டிமீட்டர் உயரம் இருந்தால், அடியில் 30 நியூட்டன்-மீட்டர் திருப்புத்திறன் செயல்படும். 70 சென்டிமீட்டர் நீளமுள்ள மடக்குத் தண்டிலோ அது 140 நியூட்டன்-மீட்டர். ஏறத்தாழ ஐந்து மடங்கு! நெம்புகோல் தத்துவம் இங்கு நமக்கு எதிராக வேலை செய்கிறது. தண்டின் தாழ்ப்பாள் தளர்ந்தால் ஓட்டுபவர் தலைகுப்புற விழவேண்டியதுதான். எனவே நல்ல வண்டியில் தாழ்ப்பாளுக்கு மேல் இன்னொரு பாதுகாப்புப் பூட்டும் இருக்கவேண்டும். வாரம் ஒரு முறை கீலில் ஆட்டம் உள்ளதா, வெடிப்பு தெரிகிறதா என்று பார்க்கவேண்டும்.

பழுது பார்ப்பதும் ஒரு கேள்வி. சாதாரண சைக்கிளின் டியூபும் போக்ஸ் கம்பியும் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும். 16 அங்குல மோட்டார்ச் சக்கரத்தைப் பஞ்சருக்காகக் கழற்ற வேண்டுமானால், மின்கம்பி இணைப்பைப் பிரிக்கவும் தெரியவேண்டும். வண்டி வாங்குமுன் நம் ஊர் சைக்கிள் கடைக்காரரிடம் காட்டி, அவரால் இயலுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

செலவுக் கணக்கு

ஒரு முறை சார்ஜ் செய்ய ஏறத்தாழ 0.3 யூனிட் மின்சாரம் ஆகும். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்றாலும் 2 ரூபாய்தான். 20 கிலோமீட்டர் சென்றால் கிலோமீட்டருக்கு 10 பைசா! பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும், மொபெட் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்றும் கொண்டால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய். இருபது மடங்கு மிச்சம் என்று விளம்பரம் சொல்வது இதைத்தான்.

ஆனால் மின்கலம் தேய்வதை யார் கணக்கில் சேர்ப்பது? லித்தியம் மின்கல அடுக்கு ஏறத்தாழ 500 முழுச் சுழற்சிகளுக்குப் பின் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். வெயிலில் நிறுத்திவைத்தால் இன்னும் விரைவில். புதிய அடுக்கின் விலை 12,000 ரூபாய் என்று எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 500 சுழற்சிகள், ஒவ்வொன்றிலும் 20 கிலோமீட்டர். மொத்தம் 10,000 கிலோமீட்டர். அப்படியானால் மின்கலத் தேய்மானமே கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 20 பைசா. மின்சாரத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு! இரண்டையும் சேர்த்தாலும் பெட்ரோலைவிட மலிவுதான். ஆனால் மிச்சமாவது இருபது மடங்கல்ல. மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம், அவ்வளவே. அடுக்கு தனியாகக் கிடைக்காவிட்டால் அந்த மிச்சமும் இல்லை. வண்டி முழுவதும் பழைய இரும்பாகிவிடும்.

அப்படியானால் யார் வாங்கலாம்?

மடிக்கவேண்டிய அவசியம் நாள்தோறும் உள்ளவர்கள் வாங்கலாம். மாடியில் சிறு அறையில் வாடகைக்கு இருப்பவர், வண்டியை வெளியே விட்டால் களவுபோகும் என்று அஞ்சுபவர், விடுதி மாணவர், ரயிலில் சென்று வேலை பார்ப்பவர் ஆகியோருக்கு இது நல்ல துணை. 2022-இல் மதுரையிலிருந்து தேனிக்கும், 2023-இல் போடிநாயக்கனூருக்கும் அகலப்பாதையில் ரயில் வந்துவிட்டது. தேனியிலோ போடியிலோ நிலையத்துக்கு அருகில் குடியிருந்து, மதுரையில் நிலையத்திலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் தூரத்தில் வேலை பார்ப்பவர் ஒருவர் இருந்தால், ரிட்சியும் ஹோனும் மனத்தில் கண்ட பயணி அவரே.

உத்தமபாளையத்தில் ரயில் இல்லை. இங்கிருந்து கம்பத்துக்கோ சின்னமனூருக்கோ சாலை வழியே நாள்தோறும் சென்று திரும்பும் மாணவருக்கு மடிக்கும் வசதி பயன்படாது. பயன்படாத ஒரு வசதிக்காக அவர் குலுக்கலையும், பலவீனமான மூட்டையும், குறைந்த தூரத்தையும் ஏற்றுக்கொள்கிறார். அதற்கு அதிக விலையும் தருகிறார். அவருக்கு முழு அளவுச் சக்கரம் கொண்ட மின் சைக்கிளே பொருத்தம். அதற்கும் பணமில்லை என்றால், பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி வீட்டுத் திண்ணையில் நிற்கிறதல்லவா? அதில் 250 வாட் மையமோட்டாரைப் பொருத்திக்கொள்வதும் ஒரு வழி. ஆனால் அப்படிச் செய்யும்போது நல்ல பிரேக்கும் போடவேண்டும். மோட்டாரின் அச்சு சட்டத்தில் சுழன்றுவிடாதபடி தடுக்கும் இரும்புப் பட்டையும் போடவேண்டும். தெரிந்தவரைக் கொண்டே செய்யவேண்டும்.

கடையில் நீங்கள் செய்யவேண்டிய சோதனைகள்

1. வண்டியை நீங்களே மடித்து, கையில் தூக்கி, இருபது படிகள் ஏறிப் பாருங்கள். விற்பவர் மடித்துக் காட்டுவதைப் பார்த்து முடிவு செய்யவேண்டாம்.

2. மின்கல அடுக்கின்மேல் எழுதியுள்ள வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்குங்கள். வரும் வாட்-மணியைப் பத்தால் வகுங்கள். நம் பகுதியில் நம்பத்தக்க தூரம் அதுதான். 250 என்றால் 25 கிலோமீட்டர். உங்கள் அன்றாடத் தேவை அதில் பாதிக்குள் இருக்கவேண்டும். ஏனெனில் மின்கலம் முதுமையடையும்.

3. முன்பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். கீலிலோ தண்டிலோ 'டக்' என்ற ஒலியோ ஆட்டமோ இருந்தால் வேண்டாம்.

4. மின்சாரத்தை அணைத்துவிட்டு ஒரு கிலோமீட்டர் மிதித்துப் பாருங்கள். மின்கலம் தீர்ந்த இரவில் நீங்கள் வீடு திரும்பவேண்டியது அப்படித்தான்.

5. மின்கல அடுக்கு தனியாகக் கிடைக்குமா, என்ன விலை, எவ்வளவு காலத்துக்கு உத்தரவாதம் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

6. வாங்கியபின், அந்த வண்டிக்குரிய சார்ஜரையே பயன்படுத்துங்கள். உப்பிய, கீழே விழுந்து நசுங்கிய, நீரில் மூழ்கிய அடுக்கை மீண்டும் சார்ஜ் செய்யாதீர்கள். வீட்டின் ஒரே வாசலை அடைத்துக்கொண்டு இரவு முழுவதும் சார்ஜில் விடாதீர்கள். லித்தியம் மின்கலம் தீப்பிடித்தால் வெளியேறும் வழி அடைபட்டுவிடும்.

பொறியியலில் எந்த நன்மையும் இலவசமாகக் கிடைப்பதில்லை. எடையைக் குறைத்தால் விலை ஏறும். விலையைக் குறைத்தால் எடை ஏறும். சக்கரத்தைக் குறைத்தால் குலுக்கல் ஏறும். இதை மறைப்பதால்தான் விளம்பரம் குற்றமுடையதாகிறது, வண்டியின்மேல் குற்றமில்லை. உங்கள் வீட்டிலிருந்து நீங்கள் நாள்தோறும் செல்லும் இடம் வரை உள்ள தூரத்தையும், மேட்டையும், காற்றின் திசையையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில், ஒரு நாளில் எத்தனை முறை வண்டியை மடிக்கவேண்டிவரும் என்பதையும் எழுதுங்கள். அந்த எண் பூஜ்யமாக இருந்தால், மடங்காத சைக்கிளையே வாங்குங்கள்.